அரை மாத்திரை

மணி ரெண்டே கால். "நாலு மணிக்குள்ள வந்துருவேன்ம்மா" என்று நர்ஸ் ஜெசிந்தா போனில் சொல்லியாகிவிட்டது, அவள் சொன்னால் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிறவள், ஒரு நாளைக்காவது அந்த வேன் பஞ்சராகித் தொலையக் கூடாதா என்று வசந்தாமணி நினைத்தாள், நினைத்த கையோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள், சீ, வீடு தேடி வந்து பார்க்கிற மகராசிக்கு எவளாவது இப்படிச் சாபம் விடுவாளா. சமையல்கட்டு நிலைப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் முன்னறைக் கட்டில் தெரியும், கட்டிலில் அவள் வீட்டுக்காரர் திருமூர்த்தி தெரிவார். முப்பத்தோரு வருசம் மில்லில் பஞ்சு பிரிக்கிற இடத்தில் நின்ற மனுசன். பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேனென்கிறது, நுரையீரலில் முக்கால்வாசி வேலைக்காகாது என்று டாக்டர் படத்தைத் தூக்கிக் காட்டினார். எதிரே ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் ரெண்டு தலகாணி, அதன்மேல் கவிழ்ந்து, மூக்கில் குழாயோடு, நாலு மாசமாக இருப்பும் அதுதான், உறக்கமும் அதுதான். கொஞ்சம் சாய்ந்தாலும் தண்ணிக்குள் முக்கினாற்போல் திணறுகிறார். பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் பும் என்று இழுத்து உஸ் என்று விடுகிறது. மிஷின் ஒழுங்காகத்தான் மூச்சு விடுகிறது. இவர் ஒரு மூச்சுக்கு ரெண்டு தோளையும் தூக்க வேண்டியிருக்கிறது, கழுத்துக்குழி உள்ளே போகிறது, அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, அந்த ஒன்றுமில்லாத நேரத்தில் அவள் விரலில் கீரைக்காம்பு அப்படியே நிற்கிறது, பிறகு தோள் தூக்குகிறது, அவளும் ஒரு கொத்தை உருவுகிறாள்.

அரை மாத்திரை போதலைன்னு நெனைக்கிறேன்ம்மா, டாக்டர்கிட்டப் பேசிட்டேன், இன்னிக்கு முழு மாத்திரை, நானே குடுத்து அரை மணி நேரம் கூடவே இருந்து பாத்துட்டுப் போறேன். இதுதான் ஜெசிந்தா போனில் சொன்னது. போதலையாம். போதுவதற்கு முதலில் வயிற்றுக்குள் ஏதாவது போயிருக்க வேண்டுமே தாயே! ஒரு பொடி போகவில்லை. பதினாலு நாளாக, வேளைக்கு அரையாக, ஒரு நாளைக்கு நாலு வேளை, மணி அடித்தாற்போல் அவர் வாயில் வைத்தது வசந்தாமணியின் முட்டிவலிக்கு எழுதிக்கொடுத்த சுண்ணாம்புச்சத்து மாத்திரை. அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை, பாதியாக உடைத்துவிட்டால் பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது. மார்பின் என்கிற அந்த வலி மாத்திரையை அவர் கண் பார்க்க அட்டையிலிருந்து பிதுக்கி, கத்தியால் ரெண்டாக்கி, அப்புறம் டம்ளர் எடுக்கிற சாக்கில் உள்ளே வந்து கையை மாற்றிக்கொண்டு போவாள். காலி அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அது அவர்கள் சட்டம், ஒரு மாத்திரை குறைந்தாலும் எங்களுக்குக் கேள்வி வரும்மா என்று முதல் நாளே ஜெசிந்தா சொல்லியிருந்தாள், அதனால் அட்டையெல்லாம் பத்திரமாகக் காலியாக இருக்கிறது, நர்ஸ் கொடுத்த தாளில் காலை மதியம் சாயங்காலம் ராத்திரி என்று கட்டம் கட்டமாக டிக் இருக்கிறது, டிக் எல்லாம் ஒரே அளவு, பள்ளிக்கூடத்தில்கூட அவள் இவ்வளவு அழகாக எழுதினதில்லை. மாத்திரைகளோ அடுப்புக்கு மேலே அலமாரியில், அவர் மில்லுக்குக் கொண்டுபோன தூக்குப்போசிக்குள்ளே இருக்கின்றன. நேற்று எதற்கோ அந்தப் போசி கை பட்டு நகர்ந்தது, உள்ளே சலசலவென்று ஒரு சத்தம். முன்னறையில் அவர் தலையை நிமிர்த்தினார். என்ன சத்தமென்று கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை, அதைத்தான் அவள் நேற்றிலிருந்து மென்றுகொண்டிருக்கிறாள்.

தீங்கு நினைத்தா செய்தாள்? அந்த மாத்திரையை அவளுக்குத் தெரியும். இந்த வீட்டுக்கு அது வருவதற்கு முன்னாலேயே தெரியும். சூலூர் அண்ணன், அவள் கூடப்பிறந்த ஒரே அண்ணன் சின்னுசாமி, குடலில் கட்டி வந்து பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இதே வெள்ளை மாத்திரைதான், இதே அட்டைதான். அண்ணன் மற்ற யார் கொடுத்தாலும் துப்பினான், தங்கச்சி கொடுத்தால் வாயைத் திறந்தான், அதனால் அவளையே கூப்பிட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு கரண்டித் தண்ணீரில் கொடுத்தாள். அலறிக்கொண்டிருந்தவன் சாயங்காலத்துக்குள் அடங்கிவிட்டான். அடங்கினது நல்லதென்று நினைத்து வாசலில் போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தாள், அதை நினைத்தால் இப்போதும் நாக்கில் அந்தக் காப்பி கசக்கிறது. புதன் உறங்கினான், வியாழன் உறங்கினான், வெள்ளிக்கிழமை விடியவில்லை. இழவு வீட்டில் அத்தனை ஒறம்பரைக்கும் நடுவிலே அண்ணன் சம்சாரம், நங்கையாள், மாரில் அடித்துக்கொண்டு சொன்னாள், "மாத்தரைய உன்ற கையாலதானே சாமி குடுத்தே". திட்டிக்கூடச் சொல்லவில்லை, அழுதுதான் சொன்னாள், திட்டியிருந்தால் மறந்து போயிருக்கும். அதே கையாலே இன்னொரு தடவையா? மூச்சுக்குக் கஷ்டப்படுகிற மனுசனுக்கு, மூச்சை அடக்குகிற மருந்தா? "அடக்காதும்மா, திணறலைக் குறைக்கும், ஒடம்பு பதறாம இருக்கும், சின்ன அளவுதானே" என்று ஜெசிந்தா பொறுமையாகத்தான் சொன்னாள். அண்ணனுக்கும் ஒருத்தி இப்படித்தான் பொறுமையாகச் சொன்னாள். இன்றைக்கு என்ன கிழமை? காலண்டரைப் பார்க்காமலே தெரியும், காலையிலிருந்து தெரியும். செவ்வாய்க்கிழமை.

கீரையை உருவி முடித்து, காம்பைப் பொறுக்கி, மறுபடியும் காம்பில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுக்காததினால்தானே இன்றைக்கு வரைக்கும் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு மனசு சொல்கிறது. உட்கார்ந்திருக்கிற லட்சணத்தைப் பாரடி என்று இன்னொரு மனசு. நகமெல்லாம் நாவப்பழம் தின்ற கலருக்கு வந்துவிட்டது. அது போதாதென்று பத்து நாளாக வயிறு வேறு. நர்ஸ் கொடுத்த சிரப்பை மட்டும் அவள் ஒரு வேளை விட்டதில்லை, ராத்திரி ராத்திரி ரெண்டு மூடி, சிரப்பில் என்ன பாவம் இருக்கிறது, மாத்திரையில் செய்த திருட்டுக்குச் சிரப்பிலாவது நேர்மையாக இருப்போம் என்று அளந்து கொடுத்தாள். இருந்தும் வயிறு நிற்கவில்லை. ஒரு நாளைக்கு மூணு தடவை, நாலு தடவை. பெட்பேன் வைத்தால் சம்மதிக்க மாட்டார், அந்த ரோசம் மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது. கட்டிலிலிருந்து கக்கூசுக்குப் பதினோரு எட்டு. நீளக் குழாயை இழுத்துக்கொண்டு, அவள் தோளில் தொங்கிக்கொண்டு, மூணு எட்டுக்கு ஒரு நிற்பு. இன்று மத்தியானம் திரும்பி வரும்போது ஆறாவது எட்டில் நின்றவருக்கு அடுத்த மூச்சு வரவே இல்லை. கண் ரெண்டும் வெளியே தள்ளி, அவள் முந்தானையைப் பிடித்த பிடியில் பின்னு தெறித்து விழுந்தது. அப்பா முருகா, அப்பா முருகா என்று அவள் முதுகைத் தேய்த்துக்கொண்டே நின்றாள். சாமிதான் அந்த மூச்சைத் திருப்பிக் கொடுத்தது. தினமும் கொடுக்கிற மாதுளம்பழம் வயிற்றுக்குச் சேரவில்லையோ? அண்ணனுக்கும் கடைசி வாரம் இப்படித்தான் வயிறு போனது. போகிற உடம்பு தன்னைத் தானே காலி செய்யும் என்று ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தி சொன்னாள், அந்தப் பாவி எதற்குச் சொன்னாளோ, காதில் விழுந்தது விழுந்ததுதான்.

திடுக்கென்று மிஷின் கத்தியது. கரண்ட் போய்விட்டது. முறம் கவிழ்ந்து கீரையெல்லாம் சிதற, அவள் ஓடி மூலையிலிருந்த சிலிண்டரைப் பிடித்தாள். திருகு எந்தப் பக்கம், எந்தப் பக்கம், நூறு தடவை செய்த கைக்கு இப்போது எதுவும் ஞாபகம் வரவில்லை, மிஷின் நிறுத்தாமல் கத்துகிறது, அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்க்கிறார், பதற்றமே இல்லாத பார்வை. திருகு திரும்புவதற்குள் ஃபேன் சுற்றத் தொடங்கியது. கரண்ட் வந்துவிட்டது. பும். உஸ். "நின்னா நின்னுட்டுப் போகுது, வசந்தா" என்றார் அவர். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல மூணு தடவை தோளைத் தூக்கினார். "வாயக் கழுவுங்க" என்று கத்தினாள் அவள், "நல்ல பேச்சே வராதா உங்களுக்கு?" அவர் சிரித்தாற்போல் இருந்தது. "அந்தம்மா வந்தா... சொல்லீரு. இனி வர வேண்டாம்னு. அதுதான் இருக்கறதுலயே பெரிய மருந்துன்னு... சொன்னாங்கல்ல? அதுவே கேக்கல. கேக்காத ஒடம்புக்கு எதுக்கு... எல்லாருக்கும் இம்சை." அப்புறம் தலகாணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவள் சிலிண்டரைப் பிடித்தபடியே நின்றாள்.

முதல் நாள் அவர் முகம் எப்படி இருந்தது! திணறல் குறையும், தூக்கம் வரும் என்று நர்ஸ் சொன்னதும், ஆறாம் வகுப்புப் பையன் வாத்தியாரைக் கேட்கிற மாதிரிக் கேட்டார், "அப்பன்னா நான் காலை நீட்டிப் படுக்கலாமுங்களா?" வேறொன்றும் கேட்கவில்லை. பிழைப்பேனா என்று கேட்கவில்லை, எத்தனை நாள் என்று கேட்கவில்லை. நாலு நாளில் பார்க்கலாம் ஐயா என்றாள் ஜெசிந்தா. நாலு நாளும் மனுசன் காத்திருந்தார். அஞ்சாம் நாள் சாயங்காலம், அவள் வாசல் கூட்டப் போன சமயம் பார்த்துத் தானே சாய்ந்து பார்த்திருக்கிறார், திரும்பி வந்தபோது பாதி சாய்ந்து பாதி விழுந்து நீலமாகிக் கிடந்தார். தூக்கி நிமிர்த்தினாள். அன்றைக்கப்புறம் படுப்பதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசுவதில்லையே, அப்பாடா என்று அன்றைக்கு நினைத்தவள், அந்த மனுசன் உள்ளுக்குள் எதை மூடிவைத்தார் என்று பார்க்கவில்லையே. இனி மருந்தே இல்லை என்று முடிவு கட்டிவிட்டார். அவள் கட்டிக் கொடுத்த முடிவு. பிள்ளையா குட்டியா, இருப்பது ரெண்டே உயிர், அதில் ஒன்று இன்னொன்றை ஏமாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

மூணே கால். தூக்குப்போசியை எடுத்துக் கக்கூசில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டால்? போய்விடும். அப்புறம் நர்ஸ் வருவாள், டிக் பார்ப்பாள், அட்டை எண்ணுவாள், முழு மாத்திரை கொடுப்பாள். அரையைப் பழகின உடம்பு என்று நினைத்து முழுசைக் கொடுப்பாள். ஒன்றுமே பழகாத உடம்புக்கு முழுசு! அண்ணனுக்குக் கொடுத்தது எத்தனை? அரையா, ஒன்றா? ஒன்று. ஒன்றுதான். ஒரு கரண்டித் தண்ணீர், ஒரு மாத்திரை. அப்படியென்றால் சொல்லிவிட வேண்டும். சொன்னால்? நர்ஸ் காறித் துப்புவாள். துப்பட்டும். இனி வரமாட்டேன் என்பாள். அவர் காதில் விழும். அதுதான். அவர் எதிரில் எப்படிச் சொல்வது, பதினாலு நாள் ராத்திரியும் பகலும் உங்களைத் திணறவிட்டுவிட்டு நான் பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறினேன் என்று? அவர் எதிரில் சொல்லாமல், நர்ஸை உள்ளே கூப்பிட்டு, காதோடு சொன்னால்? வீடு இருக்கிற அளவுக்குக் காதோடு சொன்னாலும் கட்டிலுக்குக் கேட்கும். தலைவலி என்று படுத்துக்கொண்டால்? இவருக்கு இன்றைக்கு மருந்து வேண்டாமாம் என்று அவர் சொன்னதையே சொல்லிவிட்டால்? அவர் வாயால் வந்ததுதானே, பொய்யில்லையே. அந்த நினைப்பு எவ்வளவு சுகமாக இருந்தது என்று பார்த்து அவளுக்கே உடம்பு கூசியது. வேனை இந்த வாசலில் நிறுத்த வேண்டாம், ரேஷன் கடைப் பக்கம் நிறுத்துங்கள், வேன் மேல் 'இறுதிக்கால நோயாளிகள் பராமரிப்பு' என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் சனங்கள் துக்கம் விசாரிக்க வந்துவிடும் என்று முதல் நாளே அவள்தான் சொல்லிவைத்தாள், பக்கத்து வீட்டுக்கெல்லாம் பிசியோதெரபி என்று பெயர். அதனால் வண்டிச் சத்தம் கேட்காது. செருப்புச் சத்தம்தான் கேட்கும். மூணு வீடு தள்ளி நாய் ஒரு குரல் குரைத்து நிறுத்தியது. செருப்புச் சத்தம். அடிப் பாவி, நாலு மணி என்றாளே, இன்னும் அரை மணி இருக்கிறதே.

ஜெசிந்தா உள்ளே வந்தாள், பையைக் கீழே வைத்தாள், "ஐயா, எப்படி இருக்கீங்க?" என்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே தாளைப் பார்த்தாள். விரலில் மாட்டுகிற கருவியை மாட்டினாள், அட்டைகளைப் பார்த்தாள், தலையாட்டினாள். எல்லாம் சரி. அவள் பையிலிருந்து புது அட்டை ஒன்றை எடுத்தபோது அது படபடவென்றது. "வயிறு எப்படிம்மா? சிரப் குடுக்கறீங்கல்ல? இந்த மாத்திரை வயித்தை நல்லாவே கட்டும், மோஷன் எத்தனை நாளைக்கு ஒரு தடவை போறாரு?" வசந்தாமணிக்குச் சட்டென்று புரியவில்லை. "கட்டறதா? எங்கீங்க, பத்து நாளா மூணு தடவ, நாலு தடவ போகுதுங்க. தூக்கிட்டுப் போயித் தூக்கிட்டு வந்து... இன்னிக்கு நடுவாலயே மூச்சு நின்னுபோச்சுங்க." ஜெசிந்தா அட்டையைப் பிதுக்கப்போன விரலை நிறுத்தினாள். தாளைப் பார்த்தாள். வசந்தாமணியைப் பார்த்தாள். அவர் கண்ணிமையை விரலால் தூக்கிக் கருவிழியைப் பார்த்தாள். மறுபடியும் வசந்தாமணியைப் பார்த்தாள். கோபப்படவில்லை. சும்மா பார்த்துக்கொண்டே இருந்தாள், அந்தப் பார்வையில் வசந்தாமணிக்கு எல்லாம் ஒன்றாகக் கூடி வந்து நின்றது. மாத்திரை கட்டும். சிரப் இளக்கும். மாத்திரை இல்லாத வயிற்றில் வெறும் சிரப். ராத்திரி ராத்திரி ரெண்டு மூடி, அளந்து. பதினோரு எட்டு, மூணு எட்டுக்கு ஒரு நிற்பு. மாதுளம்பழமும் இல்லை, போகிற உடம்பும் இல்லை. இவள். இவள்தான், நேர்மையாக இருக்கிறேன் என்று இவள் அளந்து ஊற்றினதுதான் அவரை அந்த ஆறாவது எட்டில் கொண்டுபோய் நிறுத்தியது.

எழுந்தாள். காலில் கீரை ஒட்டியது. அலமாரியிலிருந்து தூக்குப்போசியை எடுத்து வந்து ஸ்டூலில், அவர் முகத்துக்கு நேராக, மூடியைத் திறந்து வைத்தாள். வெள்ளை வெள்ளையாக, அத்தனையும் அரை அரையாக. "ஒண்ணுகூடக் குடுக்கலீங்க" என்றாள். நர்சிடம் சொல்வதாகத்தான் நினைத்தாள், வாய் அவரைப் பார்த்துச் சொன்னது. "முட்டிவலி மாத்தரையக் குடுத்தேன். எனக்குப் பயமா இருந்துச்சுங்க. எங்கண்ணனுக்கு நான் குடுத்தேன், போயிட்டான். உங்களையும் நானே... என்ற கையால..." ஜெசிந்தா கையிலிருந்த புது அட்டையை மெதுவாகத் திரும்பப் பைக்குள் வைத்தாள். "கர்த்தரே" என்றாள் மூச்சுக்குள்ளே. "இப்ப முழுசைக் குடுத்திருந்தா" என்று ஆரம்பித்து, அவரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அவர் போசிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் தூக்கியது, இறங்கியது, தூக்கியது. திட்டட்டும் என்று வசந்தாமணி வேண்டினாள். ஒரு வார்த்தை, நாசமாப் போனவளே என்று ஒரு வார்த்தை. அவர் விரலை உள்ளே விட்டு ஒரு பாதியைத் தொட்டார். "அப்பன்னா..." தோள். "நான் இதை... இன்னும் சாப்பிடவே இல்லையா?" குரலில் கோபம் இருந்ததா? இருந்தது. ஆனால் அதற்கும் அடியில் வேறொன்று, நாலு மாசமாக அவள் கேட்காதது, ஒரு ஆசை மாதிரி ஏதோ இருந்தது. "நான் குடுக்கறேன் ஐயா, கால் பங்குல ஆரம்பிப்போம், பதினஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா மூச்சை எண்ணுவேன்" என்றாள் ஜெசிந்தா. அவர் தலையை ஆட்டினார், நீங்கள் கொடுக்க வேண்டாம் என்று. வசந்தாமணியை நிமிர்ந்து பார்க்கவில்லை. வாயை மட்டும் அவள் பக்கம் திறந்தார்.

கரண்டித் தண்ணீரில்தான் கொடுத்தாள். ஒரு பொட்டு அளவு. விழுங்கினதைத் தொண்டையில் பார்த்தாள். மூணே முக்கால். ஜெசிந்தா மூச்சை எண்ணி எழுதினாள், வசந்தாமணி தனியாக எண்ணினாள், ரெண்டு பேர் எண்ணிக்கையும் ஒத்துவரவில்லை, பயந்தவள் எண்ணினால் எப்படி ஒத்துவரும். நாலு மணி. நாலேகால். தோள் தூக்குவது குறைந்தது, அடங்குகிறான் அடங்குகிறான் என்று அண்ணன் கிடந்த வார்டின் சத்தம் அவள் காதில் அடைத்தது. "இல்லம்மா, நல்லாத்தான் போகுது, நிமிசத்துக்கு இருபத்திரண்டு" என்றாள் ஜெசிந்தா. நாலே முக்காலுக்கு அவரே தலகாணியைத் தள்ளினார். ரெண்டு பேருமாகப் பிடித்து, தலைமாட்டை உயர்த்தி, ஒருக்களித்துச் சாய்த்தார்கள். இடது காலை நீட்டினார். கொஞ்சம் பொறுத்து வலது காலையும் நீட்டினார். கட்டிலின் கடைசிக் கம்பியில் பாதம் போய் முட்டியது, இந்தக் கட்டில் இவருக்குச் சின்னது என்பதே மறந்து போயிருந்தது. நீலம் பாரித்த நகம்தான், நேற்றிருந்த அதே நகம்தான், நோய் எங்கேயும் போகவில்லை, போகவும் போகாது. கண் மூடியிருந்தது. வசந்தாமணி தரையில் உட்கார்ந்து அவர் மூக்குக்குக் கீழே ஆள்காட்டி விரலை வைத்தாள். காற்று வந்தது. போனது. வெகுநேரம் ஒன்றுமில்லை. வந்தது. அப்போது கண்ணைத் திறக்காமலே அவர் சொன்னார், தோளைத் தூக்காமல், நடுவில் நிறுத்தாமல், ஒரே மூச்சில் சொன்னார்: "உங்கண்ணனுக்கும் அன்னிக்கு இப்படித்தான் இருந்திருக்கும் வசந்தா." அவள் விரலை எடுக்கவில்லை.